பின் சீட்டுக்கு ஒரு சாய்மானம்

புது மோட்டார் சைக்கிளில் கூடுதலாக என்னென்ன மாட்ட வேண்டும் என்று புருஷன் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாறு உருப்படி. தனிக்குடித்தனம் வந்தபோது இவர்கள் வாங்கிய பாத்திரங்கள்கூடப் பதினாறு இருக்காது. ஒரு பனியன் எடுக்க அரைமணி நேரம் யோசிக்கிற மனுஷன் இவர். பழைய வண்டியை ஒன்பது வருஷம் ஓட்டினார். அதில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டியதில்லை. எஞ்சின் பிடித்துப்போய் அது மூலையில் உட்கார்ந்த நாள்வரைக்கும் கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுத்ததோடு சரி. அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று என்ன வந்தது?

அதுவும் யாரிடம் காட்டுகிறார் பட்டியலை? ஒரு பெரிய கிடங்கில் சரக்கைச் சரிபார்ப்பதுதான் அவள் தொழில். லாரியில் வந்து இறங்குவதையும் சீட்டில் எழுதியிருப்பதையும் வரிவரியாக ஒப்பிட்டு, வேண்டாததைச் சிவப்புப் பேனாவால் அடித்துத் தள்ளுவாள். கிடங்கில் அவளுடைய பெயரே சிவப்புப் பேனா. டிரைவர்கள் அவளைக் கண்டால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"எது நிஜமாவே தேவையோ அது மட்டும் மாட்டினா போதும். சனிக்கிழமை நானும் கடைக்கு வர்றேன்" என்றாள்.

"நீ எதுக்கு? உனக்கு லீவே ஒரு நாள்தான்" என்றார் அவர்.

"நான் வர்றேன்."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். மாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் பழுது பார்க்கிற மெக்கானிக். பேச்சு குறைவு.

அவள் வருகிறேன் என்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்த வண்டியின் பின் சீட்டு இனிமேல் அவளுடையது. அதற்காக அவள் என்னவெல்லாம் செய்திருந்தாள் தெரியுமா?

அவளுடைய அம்மா இவர்களோடுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் துணி அறையில் வேலை. கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த நோயாளிச் சட்டை, எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். மருமகனின் கம்பெனி அதே சாலையில். ஆகவே தினமும் காலையில் மருமகன் முன்னால், மாமியார் பின்னால். சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே. போனால் போகட்டும், பேசாமலாவது போகக் கூடாதா? வண்டி வாசலை விட்டு நகர்வதற்குள் அம்மாவின் வாய் ஆரம்பித்துவிடும். "மாப்பிள்ளை, பஸ் வருது பாருங்க. மாப்பிள்ளை, வலது பக்கம் ஒருத்தன் திரும்புறான், நில்லுங்க. மாப்பிள்ளை, மெதுவா, சைக்கிள்." தெருவே சிரித்தது. எதிர் வீட்டுக்காரர் அம்மாவுக்கு டிராஃபிக் போலீஸ் என்று பெயரே வைத்துவிட்டார். அவளுக்கு மானம் போயிற்று. எந்த மருமகன் இதைப் பொறுத்துக்கொள்வான்? இவர் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

ஆனால் அவளை ஏற்றிக்கொண்டு போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுடைய லீவு நாளில் எங்காவது போகலாம் என்றால் டயரில் காற்றில்லை என்பார். காற்று இருந்தால் முதுகு வலி. முதுகு நன்றாக இருந்தால் வானம் மேகமாக இருக்கும். கடைசியில் பஸ். பஸ் ஜன்னல் வழியாக, வண்டிகளில் ஒட்டி உட்கார்ந்து போகிற பெண்களைப் பார்ப்பாள். அம்மாவை ஏற்றுகிறவருக்கு என்னை ஏற்றத்தான் மனசில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் அரித்தது. வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

அதனால்தான் அந்த ஏற்பாடு. கிடங்கு வேன் ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகிறது. டிரைவரிடம் பேசி, வருகிற திங்கட்கிழமை முதல் அம்மாவுக்கு அதில் இடம் பிடித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது அதைச் சொன்னாள். அம்மாவின் கை தட்டில் அப்படியே நின்றது. அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமியாரைப் பார்த்தார். மாமியார் மருமகனைப் பார்த்தாள். சந்தோஷத்தை வெளியே காட்டக் கூச்சப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை காலையில் மேஜைமேல் பதினாறு உருப்படியோடு பட்டியல் கிடந்தது.

சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான்கு நாளாக மகளோடு பேச்சு வார்த்தை இல்லை. கடைக்குள் நுழைந்ததும் காத்திருப்பவர்களுக்கான சோபாவில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நோயாளிச் சட்டையை எடுத்து நாடா தைக்க ஆரம்பித்தாள். லீவு நாளிலும் ஆஸ்பத்திரி வேலை. ஊசியை மட்டும் காலையிலேயே மகளிடம் நீட்டிக் கோத்து வாங்கியிருந்தாள். பேச்சில்லாவிட்டாலும் ஊசி நீட்டுவது நிற்கவில்லை.

கூடுதல் சாமான்கள் பகுதி கடையின் பின்பக்கம். அங்கே இருந்த ஆளைப் போல்ட்டு என்று கூப்பிட்டார்கள். எப்போதும் உதட்டில் ஒரு போல்ட்டைக் கவ்விக்கொண்டு, அதை எடுக்காமலே பேசுகிற பழக்கம். அவன் பட்டியலை வாங்கிப் படித்தான். பிறகு பலகையில் ஒரு தாளைச் செருகினான். மேலிருந்து பார்த்தால் வண்டி எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம் அதில் அச்சடித்திருந்தது. எந்தச் சாமான் எங்கே மாட்ட வேண்டுமோ அங்கே பெருக்கல் குறி போட்டு உள்ளே அனுப்புவான். மாட்டுகிறவர்கள் பட்டியலைப் படிக்க மாட்டார்கள், குறியைத்தான் பார்ப்பார்கள்.

"முதல்ல எது வேணும், எது வேணாம்னு முடிவு பண்ணிக்கோங்க மேடம். அப்புறம் குறி போடறேன்" என்றான்.

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

"டேங்க் கவர்?"

"வேணாம்" என்றார் அவர்.

"சீட் கவர்? சைடு பாக்ஸ்? கைப்பிடிக்கு ரப்பர் உறை?"

"அடிச்சுடு."

போன் மாட்டுகிற தாங்கி, சார்ஜர், சக்கரத்துக்குக் கலர் விளக்கு, எல்லாம் சரசரவென்று போயின. சக்கரத்துக்குக் கலர் விளக்காம். இந்த வயசில். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் எதற்கும் சண்டை போடவில்லை. அவள் அடிக்கட்டும் என்றே இவற்றை நடுவில் சொருகி வைத்தவர்போல நின்றார். பத்து வரி போய் ஆறு வரி மிச்சம். அங்கேதான் மனுஷன் காலை ஊன்றினார்.

"பெரிய கண்ணாடி எதுக்கு? வண்டியோட வர்றது போதாதா?"

"போதாது."

"அதுமேல ஒட்டறதுக்கு இன்னொரு குட்டிக் கண்ணாடி. கைப்பிடி நுனியில ஒண்ணு. மூணு கண்ணாடி மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டப் போறீங்களா, முடி வெட்டப் போறீங்களா?"

போல்ட்டு சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "அது இருக்கட்டும்" என்றார்.

"பக்கத்துல வண்டி வந்தா கத்துற சென்சார். இது என்ன கூத்து?"

"அது இருக்கட்டும்."

"கூடுதல் விளக்கு?"

"அதுவும்தான்."

பத்து வருஷக் குடித்தனத்தில் அவர் இத்தனை தடவை மறுத்துப் பேசி அவள் கேட்டதில்லை. கடைசி வரி பேக் ரெஸ்ட். பின் சீட்டில் உட்காருகிறவர் முதுகு சாய்ந்துகொள்ள மெத்தை வைத்த கம்பி. அவள் பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"அம்மாதான் வேன்ல போகப் போறாங்களே. இது யாருக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். காது மட்டும் சிவந்தது.

"எனக்குத் தெரியாம வேற யாராவது ஏறப் போறாங்களா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டபிறகு நெஞ்சில் சுருக்கென்றது.

"அதை மட்டும் அடிக்காதே" என்றார்.

இதற்குள் போல்ட்டு அடிபடாத வரிகளுக்குக் குறி போட்டு முடித்துவிட்டான். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உதட்டிலிருந்து போல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"சார், ஒரு சந்தேகம். நான் பதினேழு வருஷமா இந்த வேலைல இருக்கேன். ஒரே பக்கமா கேட்டு நான் பாத்ததில்ல. தப்பா எழுதிட்டீங்களா?"

அவள் எட்டிப் பார்த்தாள். வண்டியின் படம். வால்பக்கம் பேக் ரெஸ்ட்டுக்கு ஒரு குறி. மற்ற ஐந்தும் வலது பக்கம். பெரிய கண்ணாடி வலது. குட்டிக் கண்ணாடி வலது. கைப்பிடி நுனி வலது. விளக்கு வலது. சென்சார் வலது. இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

"தப்பில்ல. அப்படியே மாட்டுங்க" என்றார் அவர்.

சரக்குச் சீட்டை ஆயிரக்கணக்கில் பார்த்த கண் அது. எங்கே கணக்கு இடிக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் எப்போதும் அவளை இடது பக்கம் விட்டுத்தான் நடப்பார். சாலைப் பக்கம் மனைவி வரக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறார் என நினைத்து உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறாள். மெல்ல அவருக்குப் பின்னால் நகர்ந்து வலது பக்கம் போய் நின்றாள். சிவப்புப் பேனாவை அவர் கன்னத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் நீட்டினாள். அவர் போல்ட்டிடம் சென்சாரின் ஒயர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேனாவை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். ஆட்டினாள். இமைகூட அசையவில்லை. போல்ட்டு பேனாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவன் முகம் வெளிறிப்போயிற்று.

பேனா நழுவித் தரையில் விழுந்து உருண்டது. சத்தம் கேட்டு அவர், "என்ன விழுந்தது?" என்று தரையைத் தேடிக்கொண்டே வலது பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ அந்தப் பக்கத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார்கள்.

"மாப்பிள்ளை, வலது பக்கம் கதவு."

சோபாவிலிருந்து அம்மாவின் குரல். குரலை உயர்த்தவில்லை. பதறவும் இல்லை. அவர் அந்த இடத்திலேயே நின்றார். கதவு தோளை உரசாத குறையாக வீசிவிட்டுத் திரும்பிப் போயிற்று. அவர் கதவைத் தேடித் திரும்பவில்லை. அத்தை சொன்னால் நிற்க வேண்டியது, அவ்வளவுதான். தினமும் நடப்பது.

டிராஃபிக் போலீஸ் என்று தெருவே சிரித்த குரல் அது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். வெட்கத்தில் காதைப் பொத்திக்கொண்டதும் உண்டு.

சோபாவுக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"எத்தனை நாளா?"

அம்மா அடுத்த தையலைப் போட்டாள்.

"அம்மா, உன்னைத்தான் கேக்குறேன்."

"ஒரு வருஷம் ஏழு மாசம்" என்றாள் அம்மா. "வலது கண்ணு சுத்தமா போச்சு. கண்ணுக்குள்ள அழுத்தமாம். வலிக்கல, சிவக்கல, தெரியாமலே உள்ள நரம்பைக் காய வெச்சுடுச்சு. ஒரு நாள் துணி அறைக்கு வந்தப்போ வலது பக்கமா டீயை நீட்டினேன். வாங்கவே இல்ல. நான்தான் எங்க ஆஸ்பத்திரி கண்ணு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றார் அவர். "கம்பெனிக்குத் தெரிஞ்சா லிஃப்ட் குழிக்குள்ள இறங்க விடமாட்டாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ விடமாட்ட."

"அதுக்காக? ஒத்தைக் கண்ணோட இந்த ரோட்டுல ரெண்டு பேரும் போயிட்டு வந்தீங்களா? ஏதாவது ஆகியிருந்தா நான் யாருக்குன்னு ஓடுவேன்? குறுக்க ஒரு குழந்தை வந்திருந்தா?"

"ஒரு தடவைகூட இடிக்கல."

அம்மா தொண்டையைச் செருமினாள். "ஒரு தடவை. குப்பைத் தொட்டி."

கைப்பிடி கோணிப்போன நாள். நிறுத்துமிடத்தில் யாரோ வண்டியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். அவளும் நம்பி, முகம் தெரியாத அந்த யாரோவை ஒரு வாரம் திட்டித் தீர்த்தாள். கோபமா பயமா என்று பிரிக்க முடியாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். காலையில் கோத்துக் கொடுத்த ஊசி. தினமும் பத்துப் பன்னிரண்டு ஊசி கோத்துக் கொடுக்கிறாள்.

"உனக்கே ஊசிக் காது தெரியாது. நீ அவருக்குக் கண்ணா?"

"எனக்குக் கிட்டத்துலதான் தெரியாது. தூரத்துல லாரி வந்தா நல்லாத் தெரியும்" என்றாள் அம்மா, அதில் என்ன குற்றம் என்பதுபோல. "உன்கிட்டச் சொன்னா வண்டியை நிறுத்திருப்ப. வண்டி நின்னா அவர் நின்னுடுவாரு. எனக்குத் தெரியாதா என் மாப்பிள்ளையை? அறுபது தாண்டினவ நான். ஆனது ஆகட்டும்னுதான் பின்னாடி உக்காந்தேன்."

ஒருவருக்கு வலது பக்கம் தெரியவில்லை, இன்னொருத்திக்குக் கிட்டத்தில் தெரியவில்லை. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற தனக்கு ஒரே வீட்டில் இத்தனை நாள் எதுவுமே தெரியவில்லையே என்று அவள் ஆடிப்போனாள். தெரியாதது மட்டுமா? அந்தக் கண்ணைத் தன் கையாலேயே பிடுங்கி வேனில் ஏற்ற ஏற்பாடு செய்தவளும் அவள்தான். எதற்கு? ஒரு சீட்டுக்காக. திங்கட்கிழமை காலையில் அவர் அந்த மூன்று கண்ணாடியையும் ஒரு சென்சாரையும் நம்பித் தனியாகக் கிளம்பியிருப்பார்.

"டாக்டர் இடது கண்ணை என்ன சொன்னாரு?"

"மருந்து விட்டுட்டு வரணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும்."

"காட்டினீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். அம்மாவுக்கும் இது புதுச் செய்திபோல. தைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "போன மாசமே காட்டிட்டேன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை" என்றாள். அவள் குரல் முதல் தடவையாகப் பதறியது.

கடையில் யாருக்கோ புது வண்டிச் சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, கண்ணாடியெல்லாம் புரியுது" என்றாள் அவள் கடைசியில். "அந்தப் பேக் ரெஸ்ட்? அம்மா இல்லாதப்போ அது யாருக்கு?"

அவர் முகத்தை முழுசாகத் திருப்பி, இடது கண்ணால் அவளைப் பார்த்தார்.

"உனக்குத்தான்."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை பின்னாடி உக்காந்தா கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு ரோட்டைப் பாப்பாங்க. நீ அப்படியா? ஏறினதும் தோள்ல சாஞ்சு தூங்கிடுவ. உன்னை ஏத்திட்டு அப்படிப் போக எனக்குத் தைரியம் இல்ல. அதான் டயரு, முதுகுன்னு சொல்லிட்டிருந்தேன். இந்தச் சாமானெல்லாம் மாட்டிட்டா யாரும் சொல்லாமலே வலது பக்கம் தெரியும்னு நினைச்சேன். நீ பாட்டுக்குச் சாஞ்சு தூங்கிட்டே வரலாம்னு."

ஒன்றரை வருஷமாக அவள் மனசில் அரித்துக்கொண்டிருந்தது அதுதான். அதற்குப் பதில் இப்படி வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கமெல்லாம் ஓடிப்போயிற்று. அம்மா தைத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிச் சட்டையையே எடுத்து மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

போல்ட்டு பலகையோடு தயங்கித் தயங்கி வந்தான். கீழே விழுந்த பேனாவைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தான். "மேடம், உள்ள அனுப்பவா?"

அவள் பேனாவை வாங்கினாள். பெரிய கண்ணாடியை அடித்தாள். குட்டிக் கண்ணாடி, கைப்பிடி நுனி, விளக்கு, சென்சார், ஒவ்வொன்றாக அடித்தாள். அவர் தடுக்கவில்லை. பேக் ரெஸ்ட் வரியில் பேனா நின்றது. எத்தனையோ ஆயிரம் வரியை யோசிக்காமல் அடித்த கை அது. அந்த ஒரு வரியை அதனால் அடிக்க முடியவில்லை. பட்டியலை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வண்டியை நிறுத்தி வைங்க. திங்கக்கிழமை நான் லீவு போட்டுட்டு இவரை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் ஓட்டலாம்னு எழுதிக் குடுத்தா வர்றோம். இல்லன்னா இல்ல."

"கம்பெனி?" என்றார் அவர்.

"அங்கயும் நானே வர்றேன்."

போல்ட்டு தலையாட்டினான். குறி போட்ட தாளைக் கிழிக்கப் போனவன், கிழிக்காமல் மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினான்.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். பஸ் நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். வழக்கம்போல அவர் அவளை இடது பக்கம் விட்டு நின்றார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்று, அவர் கையைக் கோத்துக்கொண்டாள். பின்னால் அம்மா வாயைத் திறந்தாள்.

"மாப்பிள்ளை, வலது பக்கம்" என்று அம்மா ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வலது பக்கம் வேன் வருது, நில்லுங்க."

அம்மாவின் குரலே அது. தெருவே சிரித்த அதே நச்சரிப்பு, அதே ராகம். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றார்.